தேவ்நாரிலிருந்து ரேக்லாஸ்ட் வரை

தேவ்நார் என்ற பெயரைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொள்வது மும்பைவாசிகளின் வழக்கம். 1927-ஆம் ஆண்டு முதல் இம்மாநகரின் குப்பையைச் சுமந்து நிற்கும் மேடு அங்கேதான் உளது. 2016 ஜனவரியில் அம்மேடு தீப்பற்றி எரிந்தபோது நகரம் பல நாள் புகையில் மூழ்கிற்று. விண்ணில் வலம் வரும் செயற்கைக்கோள்களும் அப்புகையைப் படம் பிடித்தன. பாந்திராவில் இருந்த மாநகராட்சி இறைச்சிக் கூடமும் 1971-இல் இங்கேதான் இடம் பெயர்ந்தது. பக்ரீத் பண்டிகை நெருங்கிவிட்டால் இந்தியாவின் பல மாநிலத்து ஆடுகளையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர் தேவ்நார்ச் சந்தைக்குத்தான் செல்ல வேண்டும்.

ஆயினும் ஓர் ஊரை அதன் குப்பை மேட்டை வைத்தா அளப்பது? 1936-இல் தொடங்கப்பெற்ற டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954-இல் தேவ்நாருக்கு வந்தது. மக்கள்தொகையை ஆராயும் அனைத்துலகக் கல்வி நிலையமும் இங்கு உண்டு. சற்று அப்பால் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நடைபெறுகிறது. ஒருபுறம் நகரம் கழித்தவை. மறுபுறம் நாடு கற்பவை. இரண்டுக்கும் நடுவே எளிய குடும்பங்கள் பல்லாயிரம் வாழ்கின்றன. அவற்றுள் நம் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம்மவர் பலர் தேவ்நாருக்கு அலுவல் கருதிச் சென்றிருப்பர். ஊர் பார்க்கவென்று சென்றிருக்க மாட்டார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் சென்றது நண்பர் ஒருவரைக் காண. அன்று இரண்டு ஊர்களைக் கண்டு திரும்பினோம். ஒன்று நிலப்படத்தில் உள்ள தேவ்நார். மற்றொன்று கணினித் திரையில் மட்டுமே உள்ள ரேக்லாஸ்ட் என்னும் நாடு. அந்நாட்டில் வெறுங்கையோடு வந்து இறங்கும் புதியவன் எவ்வாறு விரைந்து உயர்கிறான் என்பதை ஒரு பிற்பகல் முழுதும் உடனிருந்து பார்த்தோம். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் இல்லங்களுக்கு அதில் ஒரு செய்தி உண்டு என்று தோன்றியதால் இதனை எழுதலானோம்.

குர்லாவில் ஹார்பர் வண்டியைப் பிடித்தால் திலக் நகர், செம்பூர் ஆகிய நிலையங்களைக் கடந்து கோவண்டியை அடையலாம். நிலையத்தை விட்டு வெளிவந்ததும் ஆட்டோக்காரர்களின் கூவல், கொத்துமல்லிக் கட்டு விற்கும் பெண்களின் வரிசை, வடா பாவ் எண்ணெயின் மணம், எல்லாம் ஒன்றாக எதிர்கொண்டன. நடந்தே சென்றோம். நண்பர் வாழ்வது நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். இரண்டு அறை, ஐந்து பேர். நண்பரின் தந்தையார் எண்பதை எட்டியவர். நண்பரும் அவர் துணைவியாரும். இருபத்து மூன்று வயது மகள். பதினெட்டு வயது மகன். கல்லூரியில் முதலாண்டு பயில்கின்றான். பெயர்களைக் குறிக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் குறிக்கவில்லை.

காப்பி வந்தது. அதனுடன் நண்பரின் முறையீடும் வந்தது.

"அண்ணாச்சி, நீங்களாவது இவனுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள். இவன் அக்காளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் போகிறாள். இதுவரை இவனுக்கு எல்லாம் அவள்தான். பாடம் சொல்லிக் கொடுப்பதும் அவள். கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதியதும் அவள். இனி இவன் என்ன செய்வான்? ஓய்ந்த நேரமெல்லாம் இந்தக் கணினியில் சண்டை. விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன்."

கணினி மகளுடையது. மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், லாமிங்டன் சாலையில் பழைய பாகங்களாக வாங்கிப் பொருத்தியது. ஆதலின் விற்கும் பேச்சு அவள் முகத்தையும் வாட்டிற்று.

"விற்பது இருக்கட்டும். அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று நாமும் பார்ப்போமே" என்றோம். பாட்டனார் தம் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கும் அந்த ஆவல் நெடுநாளாக இருந்திருக்க வேண்டும்.

அவ்விளையாட்டின் பெயர் 'பாத் ஆஃப் எக்ஸைல்'. நாடுகடத்தப்பட்டவனின் பாதை என்று பொருள் கூறலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த 'கிரைண்டிங் கியர் கேம்ஸ்' என்னும் நிறுவனத்தார் 2013 அக்டோபரில் வெளியிட்டது. பதிவிறக்கவும் ஆடவும் கட்டணமில்லை. பல நாட்டவர் இணையத்தின் வழியே ஒரே உலகில் நடமாடுகின்றனர். 2000-இல் வெளிவந்த 'டயாப்லோ 2' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் வழியில் வந்தது இது. குருதியும் கோரமும் மிகுந்தது. சிறுவர்க்கு ஏற்றதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கதை இவ்வாறு தொடங்குகிறது. ஓரியாத் என்னும் தீவிலிருந்து குற்றம் சாட்டப்பட்டோரைக் கப்பலேற்றி ரேக்லாஸ்ட் என்னும் பாழ்நிலத்துக்கு அனுப்புகின்றனர். ஆடுபவன் அலைகளால் கரையில் ஒதுக்கப்பட்டுக் கண் விழிக்கின்றான். உடுக்கத் துணியில்லை, உறவில்லை, கையில் கிடைத்ததே கருவி. கரையைக் கடந்தால் 'லயன்ஐஸ் வாட்ச்' என்னும் சிற்றூர். அங்கே அவனுக்கு முன் வந்து சேர்ந்த சிலர் வாழ்கின்றனர். அவர்களே பொருள் விற்கின்றனர், வழி சொல்கின்றனர், வேலையும் கொடுக்கின்றனர்.

பாட்டனார் மெல்லச் சிரித்தார். "இது தாராவிதான்" என்றார்.

இவ்வுலகில் உயர்வை அளப்பதற்குப் படிகள் உள்ளன. பிள்ளைகள் 'லெவல்' என்கின்றனர். நாம் நிலை என்போம். முதல் நிலையில் தொடங்கி நூறாம் நிலை வரை செல்லலாம். பகைவரை வென்றால் அனுபவம் சேரும். போதிய அனுபவம் சேர்ந்தால் அடுத்த நிலை. கதை பத்து அங்கங்களாக விரிகிறது. இப்பத்தையும் ஒருவன் முதன்முறை கடக்கப் பல நாள் மாலைகள் ஆகும். கைதேர்ந்தவர் நான்கு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகின்றனர். மூன்று நான்கு திங்களுக்கு ஒருமுறை 'லீக்' என்ற பெயரில் புதுப் பருவம் பிறக்கும். அதில் சேர்வோர் எத்துணை வல்லவராயினும் மீண்டும் வெறுங்கையோடு அதே கரையில்தான் கண் விழிக்க வேண்டும். ஆதலின் விரைந்து உயரும் முறையை அறிவது அங்கே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது.

அக்கலையை மகள் நமக்கு விளக்கினாள். அன்று அவள் தம்பி ஒரு புதிய பாத்திரத்தைத் தொடங்கவிருந்தான். அவன் ஆட, அவள் சொல்ல, நாம் குறித்துக்கொண்டோம்.

முதலாவது, நின்று எல்லாரையும் கொல்லாதிருத்தல். புதியவன் கண்ணில் பட்ட பகைவரையெல்லாம் வென்ற பின்னரே அடி எடுத்து வைப்பான். அறிந்தவன் கூட்டமாக நிற்பவரை மட்டும் தாக்குவான். தனித்து நிற்பவரைக் கடந்து ஓடுவான். அனுபவத்தின் பெரும்பகுதி முன்னே செல்லச் செல்லத்தான் கிடைக்கிறது. பின்தங்கிய இடத்தில் எவ்வளவு உழைத்தாலும் பயன் சிறிதே.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஒருவனுடைய நிலைக்கும் எதிர்ப்படும் பகைவரின் நிலைக்கும் இடையே ஒரு வரம்பு வைத்திருக்கின்றனர். தொடக்கத்தில் அது மூன்று. ஒவ்வொரு பதினாறு நிலைக்கும் ஒன்று கூடும். முப்பத்திரண்டாம் நிலையில் உள்ளவனுக்கு வரம்பு ஐந்து. அவ்வரம்புக்குக் கீழே உள்ள எளியவரை வென்றாலும் அனுபவம் குறைத்தே தரப்படும். மேலே உள்ள வலியவரை எவ்வாறோ வென்றாலும் அவ்வாறே குறையும். தனக்குச் சற்றே கடினமான இடம் எதுவோ, அதுவே வளர்வதற்கு உரிய இடம்.

இரண்டாவது, வீழ்ந்து கிடப்பதையெல்லாம் பொறுக்காதிருத்தல். ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் வாள், தொப்பி, மோதிரம் என்று தரையெங்கும் பொருள்கள் சிதறும். சுமக்கும் பையில் இருப்பதோ அறுபது கட்டங்கள். அனைத்தையும் அள்ளிக்கொண்டு ஊருக்கும் காட்டுக்குமாக நடப்பவன் நாளெல்லாம் நடந்துகொண்டேயிருப்பான். தேவையற்றவற்றைக் கண்ணுக்கே காட்டாமல் மறைக்கும் வடிகட்டி ஒன்றை ஆடுவோர் அமைத்துக்கொள்கின்றனர். காலணியில் நடைவேகம் இருந்தால் எடு. கருவிக்கு நல்ல துளைகள் இருந்தால் எடு. பிற கிடக்கட்டும் என்பது விதி.

மூன்றாவது, ஒரே திறமையைப் பற்றி அதனைச் சுற்றித் துணைகளைச் சேர்த்தல். இங்குத் திறமைகள் மணிகளின் வடிவில் வருகின்றன. உடையிலோ ஆயுதத்திலோ உள்ள துளையில் மணியைப் பதித்தால் அத்திறமை கைவரும். அதனோடு இணைந்த துளைகளில் துணை மணிகளைப் பதித்தால் அதன் வலிமை பெருகும். ஆறு வகைத் தாக்குதலையும் சிறிது சிறிது கற்றவன் மெலிவான். ஒன்றைக் கற்று ஐந்து துணை சேர்த்தவன் வலுப்பான்.

நான்காவது, சுற்றுவழியிலும் விடக்கூடாதவற்றை விடாதிருத்தல். வேகம் என்று சொல்லிச் சிறு பணிகளையெல்லாம் தள்ளிவிடலாம். ஆனால் முதல் அங்கத்தில் நீர் நிறைந்த குகையின் அடியில் பதுங்கியிருக்கும் ஒரு பூதத்தை வென்றால் நிலையான திறப்புள்ளி ஒன்று கிடைக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளையுடைய திறமரத்தில் அப்புள்ளியை வைத்துக்கொள்ளலாம். அது கடைசி வரை உதவும். அதற்காகச் சில நிமிடம் சுற்றுவது இழப்பாகாது. எதை விடுவது, எதை விடலாகாது என்று பிரித்தறிவதே விரைவின் உயிர்.

இவ்வளவும் கேட்டபின் நண்பர், "பரீட்சைக்குப் படிப்பதைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறதே" என்றார். அறையில் இருந்தோர் அனைவரும் நகைத்தனர்.

ஆட்டம் தொடங்குமுன் அக்காள் தன் பெட்டகத்திலிருந்து மூன்று பொருள்களைத் தம்பிக்குக் கொடுத்தாள். அவள் அதே பருவத்தில் முன்னரே உயர்ந்து விட்டவள். ஒன்று 'கோல்ட்ரிம்' என்னும் தொப்பி. தீ, குளிர், மின்னல் ஆகியவற்றின் தாக்கத்தைக் குறைப்பது. இரண்டாவது 'வாண்டர்லஸ்ட்' என்னும் காலணி. நடையைக் கூட்டுவது, அணிந்தவனைக் குளிரில் உறையாமல் காப்பது. மூன்றாவது 'டாபுலா ராசா' என்னும் அங்கி. இம்மூன்றையும் முதல் நிலையிலேயே அணியலாம்.

அவ்வங்கியே நம் கருத்தைக் கவர்ந்தது. இலத்தீன் மொழியில் அப்பெயருக்கு எழுதப்படாத பலகை என்பது பொருள். அது மிக எளிய உடை. அடிகளைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. ஒரு சிறப்பும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. அதில் உள்ளவை ஆறு துளைகள் மட்டுமே. ஆறும் ஒன்றோடொன்று இணைந்தவை. எந்த நிற மணியையும் ஏற்பவை. ஆனால் மணிகளை அங்கி தாராது. ஒவ்வொரு மணிக்கும் உரிய நிலை உண்டு. அந்நிலையை அணிந்தவன் தானே எட்டினால்தான் அதனைப் பதிக்க முடியும். இடத்தை மூத்தவர் கொடுக்கலாம். நிரப்புவது இளையவன் பொறுப்பு.

"இவ்வளவு தூரம் போன நீயே இவனோடு போய் வழியெல்லாம் வென்று கொடுத்தால் இன்னும் விரைவாக முடியாதா, அம்மா?" என்று வினவினோம்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன்தான் விடை கூறினான்.

சில திங்களுக்கு முன் கல்லூரித் தோழன் ஒருவன் அவ்வாறு அழைத்துச் சென்றானாம். தோழன் மிக உயர்ந்த நிலையினன். அவன் முன்னே ஓடி எல்லாரையும் வீழ்த்த, இவன் பின்னே நடந்தான். ஓர் இரவுக்குள் நான்கு அங்கங்கள் கடந்தன. ஆனால் குழுவாகச் செல்வோர்க்கு அனுபவம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை; உயர்ந்த நிலையில் உள்ளவனுக்கே பெரும்பங்கு சேரும்படி விதி அமைந்துள்ளது. தாழ்ந்தவனுக்குத் துளியே கிட்டும். அத்துளியும், பகைவர் அவன் வரம்புக்கு மேற்பட்டவர் என்பதால், மேலும் குறையும். ஐந்தாம் அங்கத்தின் முடிவில் கிட்டவா என்னும் பேருருவம் எதிர்ப்படும். அன்று தோழன் உறங்கப் போய்விட்டான். இவன் தனியே நின்றான். நிலை போதாது, எந்த அடிக்கு எப்போது விலகுவது என்றும் தெரியாது, மணிகளை எப்படி இணைப்பது என்றும் தெரியாது. விழுந்தான், எழுந்தான், மீண்டும் விழுந்தான். பின்பு அந்தப் பாத்திரத்தையே கைவிட்டான்.

"வந்த வழி ஒன்றுகூட எனக்கு நினைவில்லை, பெரியப்பா" என்றான். இந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது.

கிட்டவாவை வென்ற பின்னர் நிலைமை மேலும் கடினமாம். அதுவரை வீழ்ந்தால் இழப்பில்லை. அதன்பின் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் அந்நிலைக்குரிய அனுபவத்தில் நூற்றுக்கு ஐந்து பறிபோகும். பத்தாம் அங்கம் முடிந்த பின்னரோ நூற்றுக்குப் பத்து. அடைந்த நிலை மட்டும் இறங்காது. தொண்ணூறாம் நிலை வரை சேர்த்த அனுபவம் முழுவதையும்விட, அங்கிருந்து நூறு வரை சேர்க்க வேண்டியது அதிகம். அங்கே ஒரு முறை விழுந்தால் பல மணி நேர உழைப்பு வீண். இளமையில் விழுவது மலிவு. பின்னாளில் விழுவது விலை மிகுந்தது என்பதே இதன் பொருள். விழவேண்டிய காலத்தில் விழாமல் தூக்கிச் செல்லப்பட்டவன், விழக்கூடாத காலத்தில் விழுகிறான்.

பிற்பகல் ஆட்டம் தொடர்ந்தது. சேற்று நிலம் கடந்தான். கடலடிப் பாதை கடந்தான். மலை விளிம்பில் நிற்காமல் ஓடினான். சிறைச்சாலையின் உச்சியில் புரூட்டஸ் என்னும் காவலனை வென்றான். கப்பல்கள் சிதைந்து கிடக்கும் கரையைத் தாண்டிக் குகையினுள் நுழைந்தான். முதல் அங்கத்தின் முடிவில் மெர்வெய்ல் என்னும் கடல் மோகினி பனிக்கணைகளை வீசினாள். காலணியின் பயன் அப்போது தெரிந்தது. அவன் உறைந்து நிற்கவில்லை. எனினும் ஓரிடத்திலேயே நின்று தாக்கியதால் வீழ்ந்தான்.

பாட்டனாருக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை தவிக்கிறான். நீ உள்ளே போய் அவளை அடித்துவிட்டு வாயேன், தாயி" என்றார்.

"நான் போய்க் கொன்றால் அனுபவம் எனக்குத்தான் தாத்தா சேரும், தம்பிக்குச் சேராது" என்று கூறிக் கைகளைக் கட்டிக்கொண்டாள். எங்கே நிற்க வேண்டும் என்றும் அவள் சொல்லவில்லை. அவன் மீண்டும் சென்றான். இம்முறை கணைகளைக் கண்டு விலகினான். விலகிய இடைவெளியில் தாக்கினான். மோகினி சாய்ந்தாள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முதல் அங்கம் நிறைவேறிற்று. அக்காள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்று அனைவருக்கும் தேநீர் போட்டாள்.

தேநீர் அருந்தும்போது பாட்டனார் தம் கதையைக் கூறினார். 1961-இல், பதினாறாம் வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தகரப் பெட்டி ஒன்றுடன் தாதரில் வந்து இறங்கியவர் அவர். அந்நாளில் பாந்திரா இறைச்சிக் கூடத்தை ஒட்டித் தாராவியில் தோல் பதனிடும் தொழில் தழைத்திருந்தது. நம்மவர் பலர் அதில் உழைத்தனர். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் அவருக்குப் படுக்க இடம் கிடைத்தது. மூத்தவர் ஒருவர் ஒரு போர்வையும், முதல் மாதச் சாப்பாட்டுக்குப் பணமும் கொடுத்தார். கூலி வாங்கும்போது சொல்ல வேண்டிய இந்திச் சொற்கள் இருபதைக் கற்பித்தார்.

"வேலையை அவர் செய்து கொடுத்தாரா, ஐயா?" என்று கேட்டோம்.

"எங்கே? தோலைத் தொட்டுப் பார், பதம் கைக்குத் தெரியும் என்பார். சுண்ணாம்பில் கை வெந்துபோகும். இரண்டு தோலைப் பாழாக்கிக் கூலியை இழந்தேன். மூன்றாவது தோலில் பதம் தெரிந்துவிட்டது. அவர் செய்து கொடுத்திருந்தால் நான் இன்றைக்கும் அவர் பின்னால்தான் நின்றிருப்பேன்."

அந்தப் போர்வையும் பணமும் இருபது சொற்களும்தாம் அவருக்குக் கிடைத்த ஆறு துளை அங்கி. அதை வைத்து அவர் ஏறினார். அவர் மகன் அவர் ஏறிய உயரத்திலிருந்து தொடங்கிப் பள்ளி முடித்து, மாதச் சம்பள வேலை தேடிக்கொண்டார். பேத்தி அதற்கும் மேலிருந்து தொடங்கிப் பட்டம் பெற்றாள். மூன்றாம் தலைமுறை விரைந்து ஏறுவதைக் கண்டு வியக்கிறோம். முன்னவர் பெட்டகத்தில் வைத்துச் சென்றதை எண்ணுவதில்லை. அதே வேளையில் பெட்டகம் நிறைந்த இல்லங்களில் மற்றொரு தவறு நேர்கிறது. பிள்ளைக்கு விழும் வாய்ப்பே தராமல் நாமே முன்னே ஓடி எல்லாவற்றையும் வீழ்த்திவிடுகிறோம். விண்ணப்பத்தை நாம் நிரப்புகிறோம். வங்கிக்கு நாம் செல்கிறோம். ஆசிரியரிடம் நாம் பேசுகிறோம். அனுபவம் நமக்கே சேர்கிறது. நமக்கோ அது முன்னரே நிறைய இருக்கிறது.

கணினியைப் பற்றிய வழக்கு எஞ்சியிருந்தது. நண்பரின் கவலையை நாம் பொய்யென்று சொல்ல மாட்டோம். உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோயாகவே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தையே வைத்தல், தீங்கு கண்ட பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் அதன் அறிகுறிகள். இவை பெரும்பாலும் ஓராண்டளவு நீடித்திருந்தால் மருத்துவரை நாடவேண்டும். இத்தகைய விளையாட்டுகள் முடிவில்லாதவை. புதுப் பருவம் பிறந்துகொண்டே இருக்கும். ஆதலின் முடிவை ஆடுபவன்தான் வைக்க வேண்டும்; விளையாட்டு வைக்காது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். காசு கொடுத்தால் உங்கள் பாத்திரத்தை உயர்த்தித் தருகிறோம் என்று கூறி, கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்போர் இணையத்தில் உண்டு. அது இவ்விளையாட்டின் விதிக்கும் முரண்; கணக்கு பறிபோகவும் வழி. பணத்தைப் பந்தயமாக வைத்து ஆடும் இணைய ஆட்டங்களோ வேறு இனம். அவற்றைத் தடை செய்து நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியுள்ளது. பிள்ளை எந்த இனத்து ஆட்டத்தை ஆடுகிறான் என்பதைப் பெற்றோர் அருகில் அமர்ந்து ஒருமுறையேனும் பார்த்து அறிய வேண்டும். பார்க்காமல் ஏசுவதால் பயனில்லை.

மாலையில் நண்பர் ஒரு முடிவுக்கு வந்தார். கணினி விற்கப்பட மாட்டாது. படிப்பு முடிந்த பின் ஒன்றரை மணி நேரம் ஆடலாம். அதற்கு ஈடாக, இதுவரை அக்காள் பார்த்துவந்த வீட்டு வேலைகள் தம்பியைச் சேரும். மின்கட்டணம் செலுத்துதல், சமையல் வாயுவுக்குப் பதிதல், தாத்தாவின் மருந்துகளை மாதம் தவறாமல் வாங்கி வருதல், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவை அவை. அக்காள் இவற்றையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து தம்பியின் கையில் கொடுத்தாள்.

"சந்தேகம் வந்தால் போன் பண்ணலாமா, அக்கா?" என்றான் அவன்.

"பண்ணு. வழி சொல்லுவேன். பெங்களூரிலிருந்து மருந்து வாங்கித் தர மாட்டேன்" என்றாள். தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் பிரிந்து செல்லும் செய்தி அந்த வீட்டுக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது போலும்.

அக்கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. தம்பி அதுவரை செல்லாததால் அக்காள்தான் கூறினாள். ஐந்தாம் அங்கத்தில் நாடுகடத்தப்பட்டவன் தான் பிறந்த ஓரியாத்துக்குத் திரும்புகிறான். அவன் எண்ணியிருந்த ஊர் அங்கில்லை. எல்லாம் மாறிக் கிடக்கிறது. ஆறாம் அங்கத்தில் மீண்டும் ரேக்லாஸ்டின் அதே கரைக்கு வருகிறான். அதே சேற்று நிலம், அதே சிறைச்சாலை. ஆனால் இப்போது அவன் அந்த இடங்களை அறிவான். முன்னர் அஞ்சி ஓடிய வழியில் நிமிர்ந்து நடக்கிறான். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று, மாறிப்போன தெருவைக் கண்டு மனம் வாடி, மும்பைக்குத் திரும்பியதும் 'நம் வீடு' என்று பெருமூச்சு விட்ட நம் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அன்பர்களே! நம் பிள்ளைகள் திரைக்குள் நுழைந்து நாம் அறியாத நாடுகளுக்குச் செல்கின்றனர். அந்நாடுகளை வெறுப்பதற்கு முன் ஒருமுறை அவர்களிடம் வழி கேட்டுச் சென்று வருவது நலம். அங்குள்ள விதிகள் பல நம் வாழ்வின் விதிகளாகவே இருக்கக் காண்போம். பிள்ளைக்குக் கருவியைக் கொடுங்கள், வழிச்செலவைக் கொடுங்கள், ஆறு துளைகளையும் இணைத்துக் கொடுங்கள். நடையை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள். அவன் முதல் அங்கத்தில் விழும்போது கைகளைக் கட்டிக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பது கடினமே. அக்கடினத்தை அந்தப் பெண் பொறுத்ததை நாம் தேவ்நாரில் கண்டோம். வீட்டிற்கு வந்தவர்க்குத் தேநீர் போடவும் அவளுக்கு அப்போது மனம் இருந்தது.